முதல் மாதக் காய்ச்சல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

புலவர் பெருமக்கள் பலர் பேசிச் சிறப்பித்த மேடை இது. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் என்னையும் இங்கே பேசுமாறு பணித்துவிட்டார்கள் சங்கத்தார். இலக்கியம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆயினும் இருபது ஆண்டுகளாக விடுப்புக் கணக்குகளோடு பழகி வருபவன் நான். ஒருவர் பணிக்கு வந்த நாளையும் வாராத நாளையும் எழுதி வைப்பதே என் தொழில். ஆகவே, எனக்குத் தெரிந்த பொருளைப் பற்றியே பேசலாமென்று துணிந்தேன்.

புதிதாக வேலையில் சேர்ந்த ஒருவன், சேர்ந்த முதல் மாதத்திலேயே நோயுற்று விழுந்தால் என் செய்வது? இதுவே நான் எடுத்துக்கொண்ட பொருள். இது விழா மேடைக்கு ஏற்ற பொருள்தானா என்று சிலர் எண்ணக்கூடும். நம் காலனியில் ஆண்டுதோறும் எத்தனை பிள்ளைகள் ஊரிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து புது வேலையில் சேர்கின்றனர்! அவர்களை வழியனுப்பும் தாய் என்ன சொல்லி அனுப்புகிறாள்? "முதல் மாதமே லீவு போட்டுவிடாதேடா, கண்ணு" என்றுதானே? அன்பினால் சொல்லும் சொல்தான் அது. ஆனால் அச்சொல்லே சிலரைப் படுகுழியில் தள்ளியிருக்கிறது. நானும் தள்ளப்பட்டவன் என்பதால் சொல்கிறேன்.

1999ஆம் ஆண்டு நான் பெங்களூருக்கு வந்தேன். ஒரு சிறு தொழிற்கூடத்தில் கடைசல் இயந்திரத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டா. சேர்ந்து பதினேழாம் நாள் கண் மஞ்சளாயிற்று. மஞ்சட்காமாலை என்றார்கள். ஊருக்குப் போய்க் கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பத்தியமிருந்து, ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தேன். என் இயந்திரத்தின் முன்னே வேறொரு பையன் நின்றுகொண்டிருந்தான். யாரும் என்னை ஏசவில்லை. பதினேழு நாள் கூலியை ஓர் உறையிலிட்டுக் கையில் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அந்தப் பையன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் அவன்மேல் சினங்கொள்ளவில்லை. அவனும் என்னைப் போல் எங்கிருந்தோ பெட்டியோடு வந்தவன்தானே?

நிற்க. 2005ஆம் ஆண்டில் எனக்கு இரயில்வே எழுத்தர் வேலை கிடைத்தது. வேலையில் சேருமுன் உடற்பரிசோதனை உண்டென்பது இங்குள்ள இரயில்வேத் தோழர்கள் அறிந்ததே. கண்ணைப் பார்த்து, காதைப் பார்த்து, எழுத்தருக்குரிய சி-2 என்னும் பிரிவில் நான் தேறியதாகச் சான்று கொடுத்தார்கள். அந்தச் சான்றின் மை உலர்வதற்குள், மூன்றாம் வாரத்தில், எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

புதிதாய் வந்தவனுடைய மனநிலையை இங்கேதான் நாம் உணரவேண்டும். பழைய பணியாளன் நோயுற்றால் அது நோய்; புதியவன் நோயுற்றால் அவன் தன் மனத்துக்குள் அதைக் குற்றமாக எண்ணிவிடுகிறான். "உடல்நலம் உடையவன் என்று எழுதிக்கொடுத்து உள்ளே வந்தோமே, ஏமாற்றி வந்தான் என்பார்களோ?" என்று அஞ்சுகிறான். எனக்கோ பழைய தொழிற்கூடத்து நினைவும் சேர்ந்துகொண்டது. ஆகவே ஒருவரிடமும் சொல்லவில்லை. காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒரு மாத்திரை என்று விழுங்கிக்கொண்டு ஐந்து நாள் மேசையின்முன் உட்கார்ந்திருந்தேன்.

ஆறாம் நாள் எங்கள் தலைமை எழுத்தர் என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, எழுந்திரு. நீ எழுதுவது போதும்" என்றார். தாமே சிக் மெமோ எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, ஓர் ஆளையும் துணைக்கனுப்பி இரயில்வே மருத்துவமனையில் சேர்த்தார். டைபாய்டு என்று கண்டார்கள். பத்தொன்பது நாள் சிக் லிஸ்டில் இருந்தேன்.

இதுவரை சொன்னதைச் சிலரிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்லப்போவதை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

காய்ச்சலோடு நான் எழுதிய அந்த ஐந்து நாள் தாள்களில், ஒரு கேங்மேனுடைய வருகை நாட்களை 28 என்று எழுதுவதற்கு 18 என்று எழுதிவிட்டேன். பத்து நாள் ஊதியம் குறைந்துபோயிற்று. நான் பணிக்குத் திரும்பிய மறுநாள் அவர் வந்து என் மேசையருகே நின்றார். சண்டை பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "சார், உங்களுக்குக் காய்ச்சலாமே, இப்போது உடம்பு தேவலையா?" என்றார் முதலில். பிறகுதான், "அந்தப் பணம் அடுத்த மாதம் வந்துவிடுமா, சார்?" என்றார். வீட்டு வாடகைக்கு வட்டிக்கு வாங்கியிருந்தார்.

பத்து நாள் ஊதியம் மறுமாதப் பட்டியலில் சேர்ந்தது. வட்டியைச் சேர்க்க எந்தப் பட்டியலிலும் இடமில்லை. அதை நான் கொடுக்க முன்வந்தேன். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டதற்காக இன்றளவும் அவருக்கு நன்றியுடையவனாயிருக்கிறேன்.

அன்று நான் கற்றுக்கொண்டது இது: நோயை மறைத்து வேலைக்குப் போவது கடமையுணர்ச்சி அன்று. அந்த மறைப்புக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். நான் அஞ்சியது என் வேலைக்காக. இழந்தது இன்னொருவருடைய ஊதியம். எழுத்தர் வேலையிலேயே இப்படியென்றால், இயந்திரத்தில் கைவைப்பவன், வண்டி ஓட்டுபவன், சமையற்கூடத்தில் வேலை செய்பவன் ஆகியோர் காய்ச்சலோடு வேலை செய்தால் என்னவாகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அதற்குமுன் பழங்கதை சிறிது சொல்லவேண்டும்.

சோலையார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கு 1864ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்தது. அதன் பின்னர் 1884இல் இவ்வூரில் தொடங்கிப் பின்னாளில் பின்னி மில் எனப் பெயர்பெற்ற ஆலையிலும், பிற ஆலைகளிலும் நம்மவர் பலர் வேலை செய்தனர். அக்காலத்தில் வந்த நாளுக்குக் கூலி. வாராத நாளுக்கு இல்லை. நோய் என்பது தொழிலாளியின் சொந்தச் செலவு. ஜெர்மனியில் 1883லேயே தொழிலாளருக்கு நோய்க் காப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1911இல் வந்தது. நம் நாட்டில் 1943இல் பேராசிரியர் அதார்க்கரை இது பற்றி ஆராயப் பணித்தனர். அவர் 1944இல் அறிக்கை அளித்தார். விடுதலைக்குப் பின் 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் தில்லியிலும் அத்திட்டம் தொடங்கியது. அதைத்தான் நாம் ஈ.எஸ்.ஐ. என்கிறோம். நம் பெங்களூரில் இராஜாஜிநகர், இந்திராநகர், பீனியா ஆகிய இடங்களில் அதன் மருத்துவமனைகள் உள்ளமை யாவரும் அறிந்ததே.

இனி, புதியவனுக்கு என்ன உரிமை உண்டு என்பதை வகை வகையாகச் சொல்கிறேன். இளைஞர்கள் சற்றுச் செவிகொடுத்துக் கேட்கவேண்டும்.

முதலாவது, கடைகளிலும் வாணிப நிலையங்களிலும் வேலை செய்வோர். இவர்களுக்கு 1961ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் வாணிப நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. அன்று இம்மாநிலத்துக்கு மைசூர் என்று பெயர். 1973இல்தான் கர்நாடகம் ஆயிற்று. அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு, நோய் அல்லது விபத்து முதலிய தக்க காரணங்களுக்காகப் பன்னிரண்டு நாள் வரை ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டென்று கூறுகிறது. எப்போதிருந்து? தொடர்ந்து பணிபுரியும் முதல் பன்னிரண்டு மாதங்களிலிருந்தே! "ஓராண்டு முடியட்டும், பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், அது சட்டத்தின் சொல் அன்று.

இரண்டாவது, தொழிற்சாலையில் வேலை செய்வோர். ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்புக்கு ஓராண்டில் 240 நாள் உழைத்திருக்கவேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். 2020இல் இயற்றப்பெற்று 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அதை 180 நாளாகக் குறைத்தது. ஆயினும் முதல் மாதத்துக் காய்ச்சலுக்கு இதனால் பயனில்லை.

அவர்களுக்குத் துணை ஈ.எஸ்.ஐ.தான். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கு அது பொருந்தும். 2017 ஜனவரி முதல் மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 2019 ஜூலையில் தொழிலாளியின் பங்கை நூற்றுக்கு முக்கால் ரூபாயாகவும், முதலாளியின் பங்கை மூன்றேகால் ரூபாயாகவும் குறைத்தார்கள். அந்தக் கணக்குப்படி 15,000 ரூபாய் வாங்குபவனிடம் பிடிப்பது 112 ரூபாய் 50 காசு. முதலாளி செலுத்துவது 487 ரூபாய் 50 காசு. நோய்க்காலத்தில் ஊதியத்தில் நூற்றுக்கு எழுபது வீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை பணம் கிடைக்கும். நோய்க்காலத் தொகை பெற்றுக்கொண்டிருப்பவனை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாதென்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73ஆம் பிரிவு முதலாளியைத் தடுத்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதை அறியாததால் பலர் ஏமாற்றம் அடைகின்றனர். முதன்முதலாகக் காப்பீட்டில் சேர்பவனுக்கு, சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது மாதம் கழிந்த பிறகே நோய்க்காலப் பணம் பெறும் காலம் தொடங்கும் என்பது அத்திட்டத்தின் விதி. ஆகவே முதல் மாதத்தில் பணம் வாராது. ஆனால் மருத்துவம் உண்டு! சேர்ந்த நாள் முதலே வைத்தியமும் மருந்தும் பெறலாம். வேலையினால் நேரும் காயத்துக்கும் முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு. "ஒன்பது மாதம் ஆகவில்லை, ஒன்றும் கிடையாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துப் பக்கமே போகாமல் கடனுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பணம் வேறு, மருத்துவம் வேறு என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது, எங்கள் இரயில்வே. எங்கட்கு ஈ.எஸ்.ஐ. இல்லை, சொந்த மருத்துவமனைகள் உண்டு. முழு ஊதிய விடுப்பு ஆண்டுக்கு 30 நாள். அரை ஊதிய விடுப்பு 20 நாள். ஆனால் புதியவனுக்கு, முடிந்த மாதம் ஒன்றுக்கு முழு ஊதிய விடுப்பு இரண்டரை நாளும், அரை ஊதிய விடுப்பு ஒன்றே முக்கால் நாளுக்குச் சற்றுக் குறைவாகவுமே கணக்கில் ஏறும். அப்போது என் கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆகவே அந்தப் பத்தொன்பது நாளும் ஊதியமில்லா விடுப்பாயிற்று. என் விடுப்புக் கணக்கில் முதல் வரியே அதுதான். ஊதியம் போயிற்று, வேலை போகவில்லை. தொழிற்கூடத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. என் பெயர் பட்டியலில் இருந்தது. என் நாற்காலி எனக்காகக் காத்திருந்தது.

இம்மூவகையிலும் சேராதவர் பலர் உளர். வீடு வீடாகப் பொட்டலம் கொண்டு கொடுக்கும் இளைஞர்களுக்கு விடுப்பென்ற பேச்சே இல்லை. வண்டி ஓடினால் காசு, ஓடாவிட்டால் இல்லை. இவர்களுடைய நலனுக்காகக் கர்நாடகச் சட்டமன்றம் 2025இல் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. நல்ல தொடக்கம். அதன் பயன் இவர்கள் கைக்கு முழுமையாக வந்துசேர வேண்டும்.

பெரியோர்களே! எழுத்தர் குலத்தில் பிறந்து உலகப் புகழ் பெற்றவர் ஒருவரை இங்கே நினைக்கிறேன். கணித மேதை இராமானுஜன் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர் அல்லரோ? 1914இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். 1917இல் நோயில் விழுந்தார். நோயோடு இருந்த நிலையிலேயே, 1918இல் டிரினிட்டிக் கல்லூரி அவரைத் தன் ஆய்வறிஞராகத் தேர்ந்தது. ஆண்டுக்கு 250 பவுன், ஆறு ஆண்டுக்கு. கட்டாயப் பணி ஒன்றும் இல்லை. நோயாளிக்கு இடங்கொடுத்த கல்லூரி என்று அதைப் பாராட்டலாம். ஆனால் அன்னிய நாட்டில் மரக்கறி உணவைத் தாமே பொங்கித் தின்றுகொண்டிருந்த அவருக்கு, பக்கத்திலிருந்து கஞ்சி வார்க்கத் தம்மவர் இல்லை. 1919இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26இல், முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

வள்ளுவர் பெருமான் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில், மருத்துவம் என்பது நால்வகைப்படும் என்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பணிவிடை செய்பவர். சட்டம் மருத்துவரைத் தரும், மருந்தைத் தரும். நான்காமவரைத் தருமா? வேற்றூருக்கு வேலை தேடி வந்தவனுக்கு இல்லாத ஒன்று அந்த நான்காவதுதான். அறையில் உடன் தங்கியிருப்பவன் வேலைக்குப் போய்விடுவான். வீட்டுக்காரருக்கு இவன் பெயர்கூடத் தெரியாது. மருத்துவரிடம் சொல்ல மொழி வராது. எனக்கு அந்த நான்காமவராகத் தலைமை எழுத்தர் வாய்த்தார். எல்லார்க்கும் அப்படி வாய்க்குமா?

ஆகவே, சில வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறேன்.

இளைஞர்களே! நோய் வந்த அன்றே சொல்லிவிடுங்கள். வாயால் சொல்வதோடு நில்லாமல் இரண்டு வரியாவது எழுதிக் கொடுங்கள். அதன் படியை வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்றை அன்றே வாங்குங்கள். பின்னர் அலைய வேண்டா. காப்பீட்டு எண்ணைச் சேர்ந்த முதல் வாரமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேலைக்குத் திரும்பும்போது உடல் தேறிய சான்றும் கையிலிருக்கட்டும். வாழவந்த ஊரின் மொழியில் இரண்டு தொடராவது கற்றுக்கொள்ளுங்கள். "நனகெ ஜ்வர பந்திதெ," "நனகெ ரஜெ பேகு": இவ்வளவு போதும். நம் பாட்டனார் காலத்தில் நாமும் விடுப்பை ரஜா என்றுதானே சொன்னோம்? அது நமக்கு அன்னியமான சொல்லும் அன்று.

தாய்மார்களே! "முதல் மாதமே லீவு போடாதே" என்பதை இனி விட்டுவிடுங்கள். "உடம்பு முடியாவிட்டால் மறைக்காதே, சொல்லிவிடு" என்று சொல்லியனுப்புங்கள். இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டா. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண் சேர்ந்த முதல் வாரத்தில் காய்ச்சலென்று இரண்டு நாள் வாராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? நம்முள் கடை வைத்திருப்போரும் உளர். பையன் படுத்துக்கொண்டால் அவன் இடத்தில் மறுநாளே வேறொருவனை நிறுத்துகிறோமா, இல்லையா? பிறரிடம் நாம் எதிர்பார்க்கும் இரக்கம் நம் வாசலிலிருந்து தொடங்கவேண்டும் அன்றோ?

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். தெருவுக்கு இருவர் பெயரை எழுதி வையுங்கள். கன்னடம் பேசத் தெரிந்தவர்களாக அவர்கள் இருக்கட்டும். புதிதாய் வந்த எவரேனும் நோயுற்றால் மருத்துவமனைக்கு உடன் செல்வதும், வேலையிடத்துக்குச் செய்தி சொல்வதும் அவர்கள் பொறுப்பு. அடுத்து, ஒரு சிறு நிதி. விழாச் செலவில் மிஞ்சுவதை அதற்கு ஒதுக்கலாம். ஊதியம் வாராத முதல் மாத நோயாளிக்கு வட்டியில்லாக் கடனாக அதைக் கொடுத்து, அவன் தேறியபின் சிறுகச் சிறுகத் திரும்பப் பெறலாம். இதற்கு முதல் தொகையாக என் ஒரு நாள் ஊதியத்தை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன். கேங்மேன் தோழர் கொடுத்த வட்டியை நினைத்துக் கொடுக்கிறேன்.

ஊரை விட்டு வந்த நாம் இங்கே சங்கம் அமைத்திருக்கிறோம். பாட்டும் நாடகமும் பட்டிமன்றமும் நடத்துகிறோம். நடத்தவேண்டும், அவை நம் உயிர்ப்பு. அவற்றோடு, காய்ச்சலில் தனியே படுத்திருக்கும் ஒரு பிள்ளையின் கதவைத் தட்டி, "தம்பி, சாப்பிட்டாயா?" என்று தமிழில் கேட்க ஓர் ஆள் இருந்தால், சங்கம் என்ற பெயர் முழுப் பொருள் பெறும்.